ஒரு ஆள் குறையுது

ஞாயிறு காலை ஐந்தே முக்காலுக்கு எங்கள் சந்தில் ஒரு விசில் கேட்கும். ஒரே முறைதான், நீளமாக. எங்கள் ஃபுட்பால் குழுவின் கோல்கீப்பர் கோலி அண்ணன் ஆட்டோவை முனையில் நிறுத்திவிட்டு ஊதுவார். இரண்டாவது தடவை ஊத மாட்டார்; நைட் ஷிப்ட் முடித்துவிட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தவர்கள் அக்கம்பக்கத்தில் உண்டு. அந்த ஒரு விசிலுக்குள் நான் ஷூ லேஸைக் கட்டி முடித்து வாசற்படியில் உட்கார்ந்திருக்க வேண்டும். மூன்று வருடமாக இப்படித்தான். அதற்கு முன்னால் பதினைந்து வருடம் அந்த விசில் ஊதிக்கொண்டேதான் இருந்திருக்கிறது. என் காதில் விழவில்லை.

எனக்கு 47 வயது. பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசர். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் உலோகம் வெட்டும் சி.என்.சி. மெஷின்கள் பதினொன்று, இரண்டு ஷிப்ட், இருபத்தாறு பேர். வீடு அல்சூரில், கௌதமபுரத்தை ஒட்டி. பெங்களூருவில் இருக்கிற தமிழர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். 1809-இல் வெள்ளைக்காரர்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து பட்டாளத்தை இங்கே கொண்டுவந்து கண்டோன்மென்ட் அமைத்தபோது, அதைச் சுற்றி வேலைக்கு வந்து குடியேறியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு பக்கத்துத் தமிழர்கள். எங்கள் தாத்தாவும் திருப்பத்தூர் பக்கம்தான், ஆனால் அவர் வந்தது ரொம்பப் பிந்தி. பட்டாளத்துக்காரர்கள் ஆடிய ஃபுட்பாலை எங்கள் ஆட்கள் வேடிக்கை பார்த்து, பிறகு தாங்களே ஆட ஆரம்பித்தார்கள். கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பெலேவுக்கும் ஒரு சிலை இருக்கிறது. ஃபுட்பால் எங்கள் பகுதிக்கு என்னவென்று அதைப் பார்த்தாலே விளங்கும்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். 1948 லண்டன் ஒலிம்பிக்ஸ். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஆட்டம், பிரான்ஸுக்கு எதிராக. நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினார்கள். இந்தியாவுக்கு அன்று விழுந்த ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன், நம்ம பெங்களூருக்காரர். இரண்டு பெனால்டி வீணாகி ஆட்டம் 2-1 என்று கைவிட்டுப் போனது. தோற்ற கதைதான், ஆனாலும் சொல்லும்போது அவர்கள் முகம் மலர்ந்துவிடும்.

அப்பா எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையில் ஃபிட்டர். முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கினால் நேரே வீட்டுக்கு வர மாட்டார். டீக்கடையில் ஒரு டீ குடித்துவிட்டு, டிபன் கேரியரோடு மைதானத்துக்கு வந்து, ஆள் குறைந்தால் பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு இறங்குவார். அரை மணி நேரம். அப்புறம்தான் வீடு. ஒருநாள் அம்மா கோபமாகக் கேட்டதற்கு அவர் சொன்னார்: “ஷிப்ட் முடிஞ்சா மெஷினத் தொடச்சு வச்சுட்டு வரணும். வீட்டுக்குத் தூக்கிட்டு வரக்கூடாது. அத எறக்கி வைக்க ஒரு எடம் வேணும்ல?” எனக்கு அப்போது பத்து வயது. அது மைதானத்துக்குப் போவதற்கான சாக்கு என்றுதான் நினைத்தேன்.

ஐ.டி.ஐ. முடித்து ஆபரேட்டராகச் சேர்ந்தேன். பிறகு மெஷினை வேலைக்குத் தயார் செய்து கொடுக்கிற செட்டர் ஆனேன். 2008-இல் சூப்பர்வைசர். அதே வருடம்தான் விளையாட்டு நின்றது. “இனிமேல் ஆட மாட்டேன்” என்று நான் ஒருநாளும் முடிவெடுக்கவில்லை, இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். இந்த வாரம் டெஸ்பாட்ச் இருக்கிறது, அடுத்த வாரம் போகலாம். அடுத்த வாரம் ஆடிட். அதற்கடுத்த வாரம் மச்சினன் வீட்டு விசேஷம். குழந்தை பிறந்தது. ஆறு மாதம் கழித்து ஷூ பரணுக்குப் போனது. யாரும் என்னைத் தடுக்கவில்லை, கம்பெனியையும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு வாரமும் நானே ஒத்திப்போட்டேன்.

தொழிற்சாலைச் சட்டம் 1948-இலேயே தொழிலாளிக்கு வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வரையறுத்தது. அதற்கு மேல் போனால் இரட்டைச் சம்பளம். ஆபரேட்டராக இருந்தவரை அந்தக் கணக்கு எனக்கும் இருந்தது. சூப்பர்வைசர் ஆனதும் கணக்குப் போடுகிறவன் நானாகிவிட்டேன். என் மணி நேரத்தை யாரும் எண்ணவில்லை, நானும் எண்ணவில்லை. ரொம்பப் பின்னால், வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று 2023 அக்டோபரில் பெரிய விவாதம் நடந்ததே, அப்போதுதான் ஒரு ஜாப் கார்டு எடுத்து என் பழைய வாரங்களை எழுதிப் பார்த்தேன். ஷாப்பில் இருந்தது மட்டும் 66 மணி நேரம். இரவு வாட்ஸ்ஆப்பில் பதில் சொன்னது அதில் சேராது. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35-40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-இல் சொல்லியிருக்கின்றன. ஆனால் என்னைத் திருப்பியது அந்த எண் இல்லை. அதைப் படிக்கும் முன்பே நான் மைதானத்துக்குத் திரும்பிவிட்டேன்.

திருப்பியது ஐந்து நாள் லீவு.

2022 டிசம்பர் கடைசி வாரம். ஷாப்பில் மெஷின்களை இடம் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கென்று தனி ஆட்கள் வந்தார்கள், எங்களுக்கு செவ்வாய் முதல் சனி வரை விடுமுறை. முதல் நாள் தூங்கினேன். இரண்டாம் நாள் ஃபேன் துடைத்தேன், குழாய்க்கு வாஷர் மாற்றினேன், மதியத்துக்கு மேல் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். மூன்றாம் நாள் காலை, வழக்கம்போல மெட்ரோ ஏறி, மெஜஸ்டிக்கில் மாறி, பீன்யாவில் இறங்கி, கம்பெனி கேட்டுக்குப் போய்விட்டேன். உள்ளே எனக்கு வேலை இல்லை. வாட்ச்மேன் ஒரு ஸ்டூலைப் போட்டார். இரண்டு மணி நேரம் அவரோடு உட்கார்ந்து கிரேன் வண்டி போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். “இன்னா சார், வீட்டுல யாரும் இல்லீங்களா?” என்று கேட்டார். எல்லோரும் இருந்தார்கள். பள்ளிக்கூட லீவில் மகளும் வீட்டில்தான் இருந்தாள். எனக்குத்தான் கேட்டைத் தவிர வேறு போக்கிடம் தெரியவில்லை. திரும்பி வரும்போது மெட்ரோவில் எனக்கு நெஞ்சு அடைத்தது. நோய் ஒன்றும் இல்லை. இன்னும் பதிமூன்று வருடத்தில் ரிட்டையர்மென்ட். அப்போதும் இதே ஸ்டூலில் வந்து உட்காருவேனா?

அன்று இரவுதான் பெலே இறந்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை செய்தி பார்த்துவிட்டு, வேறு வேலை இல்லாததால், சிலைப் பக்கம் போனேன். நாலைந்து பேர் நின்றார்கள். கோலி அண்ணன் ஆட்டோவில் சாய்ந்துகொண்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருடத்தில் தெருவில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறோம், தலையாட்டிவிட்டுப் போய்விடுவேன். அன்று பேச்சு வளர்ந்தது. உடம்பு எப்படி, பொண்ணு என்ன படிக்குது என்றெல்லாம் கேட்டுவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்: “நாளைன்னிக்கு ஒரு ஆள் குறையுது. ரைட் பேக். வர்றியா?”

அவர் எனக்குப் புத்தி சொல்லியிருந்தால் நான் போயிருக்க மாட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள், ஒரு பொழுதுபோக்கு வேண்டும், மன அழுத்தம் குறையும் என்று யார் யாரோ சொன்னதெல்லாம் அந்தப் பதினைந்து வருடத்தில் என்னை அசைத்ததே இல்லை. ஜிம்முக்கு இரண்டு தடவை வருடச் சந்தா கட்டி இரண்டு தடவையும் பத்தாம் நாள் நின்றிருக்கிறேன். என்னால் ஒத்திப்போட முடிகிற எதையும் நான் ஒத்திப்போட்டுவிடுவேன். ஒரு ஆள் குறைகிறது, நான் போகாவிட்டால் பத்துப் பேர் நிற்பார்கள் என்றபோது ஒத்திப்போட முடியவில்லை. இன்றைக்கு யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். தனியாகச் செய்கிற பயிற்சியை விட்டுவிட்டு, உங்களை எதிர்பார்த்து நாலு பேர் நிற்கிற ஒன்றைத் தேடுங்கள். கேரமாக இருக்கட்டும், பஜனையாக இருக்கட்டும், பறவை பார்க்கப் போவதாக இருக்கட்டும். நேரமும் இடமும் மாறாமல் இருக்க வேண்டும். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். இந்த ஊர் டிராஃபிக்கில் வண்டி எடுத்து அரை மணி நேரம் போக வேண்டிய எதுவும் மூன்று மாதம் தாண்டாது.

2023 ஜனவரி முதல் தேதி ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. பரணிலிருந்து இறக்கிய ஷூவின் அடிப்பாகம் கையோடு வந்துவிட்டது. ஒரு பையனின் பழைய ஷூவை வாங்கிப் போட்டுக்கொண்டு இறங்கினேன். பன்னிரண்டாவது நிமிடம் ஒரு பந்தைத் துரத்தி வேகமெடுத்தேன். பின்தொடையில் யாரோ கல்லால் அடித்த மாதிரி இருந்தது. ஹாம்ஸ்ட்ரிங். கைத்தாங்கலாகத்தான் வெளியே வந்தேன்.

பிசியோதெரபி செய்த பெண் கேட்ட முதல் கேள்வி, “வார்ம்-அப் பண்ணீங்களா?” இல்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது. திங்கட்கிழமை காலை மெஷினின் சுழலும் தண்டான ஸ்பிண்டிலைப் பத்துப் பதினைந்து நிமிடம் சும்மா ஓடவிட்டுச் சூடேற்றாமல் முதல் பீஸ் வெட்ட எந்த ஆபரேட்டரையும் நான் விட்டதில்லை. குளிர்ந்த மெஷினில் அளவு நிற்காது. அந்த மரியாதையைக்கூட என் உடம்புக்கு நான் கொடுக்கவில்லை. அவர் ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் வரிசையைக் காட்டிக்கொடுத்தார். பதினைந்து பயிற்சிகள், மொத்தம் இருபது நிமிடம். மெதுவாக ஓட்டம், பிறகு வலிமைக்கும் சமநிலைக்கும் உண்டானவை, கடைசியில் மறுபடி ஓட்டம். பந்தும் ஒரு சமதளமும் போதும். இப்போது எங்கள் குழுவில் அதைச் செய்யாமல் யாரும் ஆட்டத்தில் இறங்குவதில்லை. நாற்பது தாண்டியவர்கள் இறங்கும் முன் பி.பி., சர்க்கரை, ஈ.சி.ஜி. மூன்றும் பார்த்துவிடுங்கள். எனக்கு பி.பி. கூடியிருந்தது அப்போதுதான் தெரிந்தது. ஐந்து வாரம் அல்சூர் ஏரியைச் சுற்றி நடை மட்டும். ஆனால் ஞாயிறு காலை விசில் ஊதியதும் நொண்டிக்கொண்டாவது மைதானத்துக்குப் போய் ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த ஐந்து வாரம் போகாமல் இருந்திருந்தால் மறுபடி ஒத்திப்போட்டிருப்பேன் என்று நிச்சயமாகத் தெரியும்.

மார்ச் 4-ஆம் தேதி, சனிக்கிழமை ராத்திரி, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஃபுட்பால் இறுதி ஆட்டம் ரியாத்தில் நடந்தது. ஒரு சின்ன போனைச் சுவரில் சாய்த்து வைத்துப் பதினாலு பேர் பார்த்தோம். கர்நாடகா மேகாலயாவை 3-2 என்று ஜெயித்தது. இதற்கு முன்னால் ஜெயித்தது 1968-69-இல், மைசூர் என்ற பெயரில் ஆடிய காலத்தில். ஐம்பத்து நாலு வருடம். கோலி அண்ணன் அழுதுவிட்டார். என் மகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, “ஏன் தாத்தா அழறீங்க, ஜெயிச்சுட்டோமே” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

சரி, இதெல்லாம் இனிமையான பக்கம். வேலையோடு மோதிய கதையை இனிச் சொல்கிறேன். இதைத்தான் விரிவாகச் சொல்ல ஆசை.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, ஆட்டம் தொடங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தது. போன். ஓவர்டைம் ஓடிக்கொண்டிருந்த ஒரு மெஷினில் ஷாஃப்ட்டின் வெளி விட்டம் இருபது மைக்ரான் கூடுதலாக வருகிறது, 240 பீஸ் லாட், திங்கள் டெஸ்பாட்ச். நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, ஈரச் சட்டையோடு பைக் எடுத்து பீன்யாவுக்குப் போனேன். போய்ச் சேர்வதற்குள் இரவு ஷிப்ட் செட்டர் வெட்டும் முனையான இன்சர்ட்டைத் திருப்பி, ஆஃப்செட் கொடுத்து அளவைச் சரிசெய்து, சந்தேகமான முப்பத்தாறு பீஸைத் தனி டிரேயில் எடுத்து வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். “நீங்க வந்துருக்கவே வேணாம் சார். சும்மா உங்க காதுல போட்டு வைப்போம்னுதான் போன் பண்ணேன்” என்றார்.

மைதானத்தில் அன்று சரியாகப் பத்துக்குப் பத்து ஆள். நான் போனதும் ஒரு பக்கம் ஒன்பது பேர். ஆட்டம் கெட்டுவிட்டது. அடுத்த ஞாயிறு கோலி அண்ணன் விசில் ஊதினார், ஆனால் ஆட்டோவில் வழி முழுக்கப் பேசவில்லை. இறங்கும்போது மட்டும், “நீ போனதுக்கப்புறம் பசங்க கொஞ்ச நேரம் அப்பிடியே நின்னுட்டு இருந்தாங்க” என்றார். திட்டியிருந்தால்கூட அவ்வளவு உறைத்திருக்காது.

அந்த வாரம் முழுக்க ஒரே யோசனை. என்னை ஏன் எல்லாவற்றுக்கும் கூப்பிடுகிறார்கள்? அவர்களுக்குத் தெரியாததால் இல்லை. செட்டர் என்னைவிட நன்றாகவே செய்திருந்தார். கூப்பிடாவிட்டால் நான் கோபித்துக்கொள்வேன் என்று இருந்தது. அப்படிப் பழக்கியவன் நான்தான். எனக்குத் தெரியாமல் ஷாப்பில் ஒன்றும் நடக்கக்கூடாது என்பதைப் பெருமையாக நினைத்திருந்தேன். பதினாலு வருடம் பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு யாருக்கும் பாஸ் கொடுக்காமல் ஓடியிருக்கிறேன். மைதானத்தில் அப்படி ஒருத்தன் ஆடினால் முதலில் சத்தம் போடுகிறவனே நான்தான்.

ஒரு நீள நோட்டு வாங்கினேன். மெஷினுக்கு நாலு பக்கம். இந்த மெஷினில் வழக்கமாக எது தப்பும், முதலில் எதைப் பார்க்க வேண்டும், எந்த அளவு தாண்டினால் மெஷினை நிறுத்த வேண்டும், அப்புறம் யாரைக் கூப்பிட வேண்டும். தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபது நிமிடம், இரண்டு செட்டர்களையும் உட்கார வைத்து எழுதினேன். பதினோரு மெஷினுக்கும் எழுதி முடிக்க நாலு மாதம் ஆனது. எழுதும்போதுதான் எனக்குத் தெரியாததும் வந்தது. நாலாம் மெஷினில் உலோகச் சீவலை வெளியே தள்ளும் சிப் கன்வேயர் சிக்குவதற்கு முன்னால் ஒரு இழுவைச் சத்தம் வரும், அப்போதே நிறுத்திவிட்டால் அரை மணி நேரம் மிச்சம் என்று இளைய செட்டர் சொன்னார். ஆறு வருடமாக அவருக்குத் தெரிந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

போனுக்கும் ஒரு ஏற்பாடு செய்தோம். ஞாயிறு காலை ஆறிலிருந்து எட்டரை வரை ஒரு தடவை அடித்தால் தகவல். நான் எடுக்க மாட்டேன். அடுத்தடுத்து இரண்டு தடவை அடித்தால் யாருக்கோ அடிபட்டிருக்கிறது அல்லது தீ, உடனே எடுப்பேன். போன் கோலி அண்ணன் பையில், சத்தத்தோடு இருக்கும். இரண்டு வருடத்தில் இரட்டை அழைப்பு ஒரே ஒரு முறைதான் வந்தது, அது நிஜமாகவே ஒருவர் விரலில் அடிபட்டதற்காக. அன்று நான் பாதியில் கிளம்பியபோது மைதானத்தில் யாரும் முகம் சுளிக்கவில்லை.

முதலாளியிடம் இதைச் சொல்லத் தயங்கினேன். “எனக்கு ஓய்வு வேண்டும்” என்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. நான் நோட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். நான் ஒரு வாரம் ஊரில் இல்லாவிட்டாலும் ஷாப் ஓடும் என்று காட்டியது அவருக்கு நிம்மதியாக இருந்தது. வேலை பார்க்கிறவர்களுக்கு என் ஆலோசனை இதுதான்: நேரம் கேட்பதற்கு முன்னால், நீங்கள் இல்லாத நேரம் எப்படி ஓடும் என்பதை எழுதி முடித்துவிடுங்கள். இப்போது வாரம் ஐம்பது, ஐம்பத்திரண்டு மணி நேரத்தில் முடிகிறது. மார்ச் மாதம் மட்டும் இந்த ஏற்பாடு எதுவும் நிற்காது. கணக்கு வருடக் கடைசியான அந்த மாதத்தில் இரண்டு ஞாயிறு என்னால் போக முடியாது. அதை வியாழன் ராத்திரிக்குள் சொல்லிவிடுவேன், வேறு ஆள் பார்த்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் வேண்டுமே.

ஒரு தப்பும் செய்தேன், அதையும் சொல்ல வேண்டும். ஆட்டம் நன்றாகப் போக ஆரம்பித்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. எக்ஸெல்லில் வருகைப் பதிவு போட்டேன். யார் எத்தனை கோல், யார் எத்தனை நிமிடம் லேட். லேட்டாக வந்தால் 50 ரூபாய் அபராதம் என்று குழுவில் போட்டேன். மூன்று வாரத்தில் நாலு பையன்கள் நின்றுவிட்டார்கள். அதில் ஒருவன் ராத்திரி இரண்டு மணி வரை டெலிவரி வண்டி ஓட்டுகிறவன். ஆறேகாலுக்கு அவன் வருவதே பெரிய விஷயம். கோலி அண்ணன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இது உன் கம்பெனி இல்ல, மச்சா. இங்கயும் நீ சூப்பர்வைசரா இருக்கணுமா?” என்றார். அன்றே அதை அழித்துவிட்டு, நாலு பேர் வீட்டுக்கும் நேரில் போனேன். மூன்று பேர் திரும்பி வந்தார்கள். மழைக்காலத்தில் மண் மைதானம் சேறாகிவிட்டால் டர்ஃப், அதாவது செயற்கைப் புல் மைதானம், வாடகைக்கு எடுக்கிறோம். மணிக்கு 1,400 ரூபாய், பத்துப் பேருக்கு ஆளுக்கு 140. அதுகூட இல்லாதவர்களிடம் கேட்பதில்லை. இருக்கிறவர்கள் போட்டுக்கொள்கிறோம், கணக்கு எழுதுவதில்லை. கணக்கு எழுதாமல் ஒரு காரியம் நடப்பதைப் பார்ப்பதே எனக்கு ஒரு படிப்பாக இருந்தது.

வீட்டுப் பேச்சை விட்டுவிட்டால் இந்தக் கதை பொய்யாகிவிடும். ஞாயிறு காலை நான் மைதானத்தில் இருக்கும்போது தண்ணீர் பிடிப்பது, மாவு, துணி, மகளின் டியூஷன் எல்லாம் என் மனைவி தலையில்தான் இருந்தது. ஆறு மாதம் அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள்: “உங்களுக்கு ஒரு விசில் இருக்கு. எனக்கு யாரு ஊதுவாங்க?” பதில் சொல்லத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் அவள் நிறையப் படிப்பாள் என்பதே எனக்கு மறந்திருந்தது. இப்போது சனிக்கிழமை சாயங்காலம் அவள் அண்ணாசாமி முதலியார் சாலையில் இருக்கிற தமிழ்ச் சங்கத்துக்குப் போகிறாள். 1950-இல் தொடங்கிய சங்கம், அங்கே நூலகம் இருக்கிறது. இன்னும் இரண்டு பெண்கள் சேர்ந்துகொண்டிருக்கிறார்கள். அன்று சமையல் என் வேலை. ரசம் எனக்கு வரும். பொரியல் இப்போதுதான் வருகிறது. ஒருவர் விளையாட்டுக்கு இன்னொருவர் உழைப்பு விலையாகப் போனால் அது நிலைக்காது. ஆண்களுக்குக் குறிப்பாகச் சொல்கிறேன், உங்கள் நேரத்தை ஒதுக்கும் அன்றைக்கே அவர்கள் நேரத்தையும் ஒதுக்கிவிடுங்கள், நான் ஆறு மாதம் தாமதித்தது போல வேண்டாம்.

போன வருடத்திலிருந்து ஆட்டம் முடிந்த பிறகு அரை மணி நேரம் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பத்திலிருந்து பன்னிரண்டு வயது, பதினெட்டுப் பேர், அதில் ஏழு பெண் பிள்ளைகள். யாரும் திட்டம் போடவில்லை. ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் மெல்ல உள்ளே வந்தார்கள். பாஸ் சொல்லிக்கொடுப்பது கஷ்டமாக இருந்தது. பந்தை அடிக்கச் சொன்னால் எங்கேயோ போகும். ஷாப்பில் துளை சரியாக இருக்கிறதா என்று பார்க்க கோ, நோ-கோ கேஜ் வைத்திருப்போம்: ஒரு முனை உள்ளே போக வேண்டும், மறுமுனை போகக்கூடாது. எல்லா நேரமும் அளவெடுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை, பார்த்தாலே தெரிந்துவிடும். அதே மாதிரி இரண்டிரண்டு கோன்களை வைத்து வாசல் செய்தேன். முதலில் ஒன்றரை மீட்டர் அகலம். பத்தில் எட்டு உள்ளே போனால் ஒரு அடி குறைப்போம். பிள்ளைகளே எண்ணிக்கொள்வார்கள். இரண்டு மாதத்தில் ஒரு குட்டிப் பெண் அரை மீட்டர் வாசலில் பத்துக்கு ஒன்பது அனுப்பினாள். அனுப்பிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாளே, அந்தப் பார்வைக்காக நான் எத்தனை மணிக்கு வேண்டுமானாலும் எழுந்திருப்பேன்.

இருபத்தைந்து வருடம் ஷாப்பில் கற்றது இப்படி ஒரு இடத்தில் உதவும் என்று நினைத்ததே இல்லை. திங்கட்கிழமை ஷாப்புக்குள் நுழையும்போது நான் கேஜைக் கையில் எடுப்பதே மாறிவிட்டது. புதிதாகச் சேர்ந்த பயிற்சிப் பையன்களிடம் பேசும்போது என் குரல் தணிந்திருக்கிறது என்று செட்டர் சொல்கிறார். எனக்குத் தெரியவில்லை, ஆனால் முன்பெல்லாம் மூன்று மாதத்தில் ஓடிவிடுகிற பையன்கள் இப்போது இருக்கிறார்கள்.

போன வாரம் கோலி அண்ணனுக்குக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. நன்றாக இருக்கிறார். ஆனால் தூசியில் வரக்கூடாது, கொஞ்ச நாளைக்கு வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பார்க்கப் போயிருந்தேன். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். தலையணைக்கு அடியிலிருந்து விசிலை எடுத்து என் கையில் வைத்து, எந்த வீட்டில் முதலில் நிற்க வேண்டும், டெலிவரிப் பையனை எழுப்ப அவன் அம்மாவுக்கு எத்தனை மணிக்குப் போன் அடிக்க வேண்டும், எந்தச் சந்தில் ஊதக்கூடாது என்று வரிசையாகச் சொன்னார். நான் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதிக்கொண்டேன். மொத்தம் பதினாலு வீடு. ஆட்டோ இல்லாததால் நடந்துதான் போக வேண்டும், அதனால் நாளைக்கு ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டும். மகளும் வருகிறேன் என்கிறாள்.

கோலுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.